கடைப் பழத்து விதை: எலுமிச்சை காய்க்கும், கமலா ஏமாற்றும்

மன்னார்குடி கொல்லை | 22-01-2023

கடையில் வாங்கின எலுமிச்சை, கமலா, சாத்துக்குடி விதையைப் போட்டால் மரம் வரும், காய் வராது என்று எங்கள் பக்கம் எல்லாரும் அடித்துச் சொல்கிறார்கள். காய்க்கணும்னா நர்சரி ஒட்டுக்கன்றுதானாம். கொல்லையில் மூன்று மரத்துக்கு இடம் இருக்கிறது. களிமண். கார்த்திகை மழையில் ரெண்டு மூணு நாள் தண்ணீர் கட்டும். விதை போடலாமா, வீண் வேலையா?

நாற்றங்கால் | 22-01-2023

மூணு பழத்தையும் ஒரே தராசுல போடாதீங்க.

எலுமிச்சையைத் தாராளமாப் போடுங்க. நாட்டு எலுமிச்சையை நம்ம பக்கம் காலங்காலமா விதைக்கன்னாத்தான் நட்டிருக்காங்க. காரணம் விதைக்குள்ளயே இருக்கு. ஒரு எலுமிச்சை விதையில கரு ஒண்ணு இல்ல. ரெண்டு மூணு இருக்கும். அதுல ஒண்ணுதான் மகரந்தம் சேர்ந்து உண்டானது. மத்ததெல்லாம் தாய்மரத்துத் திசுவுல இருந்தே கிளம்பின கரு. அப்படி வர்ற கன்னு தாய்மரத்தோட அச்சு. ஆரஞ்சு விதைக்குள்ள ரெண்டு கரு இருக்கறதை லேவன்ஹூக் 1719-லயே பார்த்துச் சொல்லிட்டார்.

சாத்துக்குடியும் கமலாவும் பெரும்பாலும் இதே பல கரு சாதிதான். குணம் மாறாது. ஆனா காத்திருப்பு நீளம். எலுமிச்சை விதைக்கன்னு 4, 5 வருஷத்துல காய்க்கும். கமலா 6, 7 ஆகும். சாத்துக்குடி 8 வருஷமும் தாண்டலாம். அதுவரைக்கும் முள்ளும் இலையுமா நிக்கும். அந்த இடைவெளியில மரத்தை வெட்டிப் போட்டவங்க சொன்னதுதான் "காய்க்காது"ங்கற பேச்சு.

பம்பளிமாஸ் தனிக்கதை. ஒரு விதைக்கு ஒரே கரு. வர்ற மரம் தாய் மாதிரி இருக்காது, பழம் கசக்கலாம், தோல் மொத்தமா இருக்கலாம். போதாக்குறைக்குப் பம்பளிமாஸ் தன் மகரந்தத்தைத் தானே ஏத்துக்காது. பக்கத்துல வேற சிட்ரஸ் (எலுமிச்சை, ஆரஞ்சு வகை) மரம் பூக்கலேன்னா பூ கொட்டிட்டே இருக்கும்.

மன்னார்குடி கொல்லை | 23-01-2023

அப்போ எலுமிச்சையும் சாத்துக்குடியும் போடுகிறேன். எப்படிப் போடணும் என்று வரிசையாகச் சொல்லுங்கள். பழத்தை அறுத்து அப்படியே மண்ணில் புதைத்தால் அழுகிப் போகிறது.

நாற்றங்கால் | 23-01-2023

பழம்: நல்லா மஞ்சளேறி, தோல் மெலிசான எலுமிச்சை. பச்சைக்காயில விதை முத்தியிருக்காது. பெருசா, பச்சையா, விதையே இல்லாம விக்கறாங்களே, அதை வாங்கிப் பிரயோஜனமில்லை. உள்ள ஒண்ணும் கிடைக்காது.

அறுக்கும்போது கத்தி நடுவுல இறங்கினா விதையும் வெட்டுப்படும். தோலைச் சுத்தி மட்டும் கீறி, கையால முறுக்கிப் பிரிங்க.

விதை மேல வழுவழுன்னு ஒரு கோழை இருக்கும். அது போகணும். அதோட புதைச்சா பூஞ்சணம் பிடிக்கும். சலிச்ச சாம்பலோ மெல்லிய மணலோ போட்டுத் தேய்ச்சு மூணு தண்ணியில அலசுங்க. தண்ணியில மிதக்கறதை எறிஞ்சிடுங்க, பெரும்பாலும் பொக்கு.

வெயில்ல காயவைக்கக் கூடாது. நெல்லு, உளுந்து மாதிரி காய்ஞ்சு கிடக்கற விதை இல்ல இது. காய்ஞ்சா செத்துடும். நிழல்ல மேல் ஈரம் வத்தினதும் அன்னைக்கே போட்டுடணும். முடியலேன்னா ஈரத்துணியில சுத்தி பிரிட்ஜ் காய்கறித் தட்டுல வைங்க, சில வாரம் தாங்கும். பிரீசர்ல வேண்டாம்.

ஆழம் ஒரு செ.மீ., மிஞ்சினா ஒண்ணரை. விதையைப் படுக்க வைங்க. விதைக்கு விதை 5 செ.மீ. விடுங்க. மேல மணல் தூவி, பூவாளியில தண்ணி. நம்ம சூட்டுக்கு ரெண்டு மூணு வாரத்துல முளைக்கும். மார்கழி, தைக் குளிர்ல இன்னும் ஒரு வாரம் கூடப் பிடிக்கும்.

கும்பகோணம் மாடி | 24-01-2023

வெளித்தோலை உரித்துவிட்டுப் போட்டால் பத்து, பன்னிரண்டு நாளிலேயே முளைக்கிறதே? மேலே வெள்ளைத் தோல், உள்ளே பழுப்பு நிறச் சவ்வு, இரண்டையும் எடுத்துவிட்டு ஈர டிஷ்யூ பேப்பரில் சுருட்டி டிபன் டப்பாவில் வைக்க வேண்டியதுதான்.

நாற்றங்கால் | 24-01-2023

நாலு விதைக்கு நல்ல முறை. ஆனா நகத்தை எங்க வைக்கறோம்னு பாருங்க அக்கா. விதையில ஒரு பக்கம் கூர்மை, ஒரு பக்கம் மழுங்கல். முளைவேர் கூர்முனைக்கு ஒட்டினாப்புல உட்கார்ந்திருக்கும். அங்க கிள்ளினா விதை போச்சு. மழுங்கல் பக்கத்து ஓரத்துல இருந்து உரிங்க. உரிச்சா பருப்பு நிறமும் தெரியும்: எலுமிச்சையும் சாத்துக்குடியும் வெள்ளை, கமலா வகையில பெரும்பாலும் இளம்பச்சை. எந்த டப்பாவுல எந்த விதைன்னு குழம்பிப்போனா இதை வெச்சுக் கண்டுபிடிக்கலாம்.

டப்பாவுல வேர் ஒண்ணரை செ.மீ. ஆனதும் மண்ணுக்கு மாத்திடணும். விட்டா வேர் பேப்பருக்குள்ள சுருண்டுடும். சுருண்ட ஆணிவேர் அப்புறம் நிமிராது.

கொள்ளிடக்கரை | 29-01-2023

பழத்தைப் பற்றி நாற்றங்கால் தம்பி ஒன்றை விட்டுவிட்டார். மரத்தடியில் விழுந்து மண்ணில் கிடந்து பூத்துப்போன பழத்தை விதைக்கு எடுக்கவே கூடாது. பிசின் வடியும் நோயை உண்டாக்கும் பைட்டோப்தோரா பூஞ்சணம் மண்ணிலிருந்து பழத்துக்கும், பழத்திலிருந்து விதைக்கும் ஏறும். கடையில் மூட்டையடியில் நசுங்கிக் கிடப்பதும் அப்படித்தான்.

சந்தேகம் இருந்தால் வெந்நீர் நேர்த்தி உண்டு. 52 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் 10 நிமிடம். சமையல் வெப்பமானி இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். பிளாஸ்கில் 52 டிகிரித் தண்ணீரை ஊற்றி, விதையைத் துணியில் முடிந்து உள்ளே விட்டு மூடுங்கள். பாத்திரத்தில் வைத்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். 10 நிமிடம் ஆனதும் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டு ஆற்றுங்கள். வெப்பமானி இல்லாமல் கைக்கணக்கில் செய்ய வேண்டாம். 56, 57 போனால் கருவே வெந்துவிடும்.

மன்னார்குடி கொல்லை | 19-02-2023

போட்டாச்சு, முளைக்க ஆரம்பித்துவிட்டது. ஒரே குழியில் இரண்டு, மூன்று முளை. ஒரு விதைதான் போட்டேன். எதை வைத்துக்கொள்வது?

நாற்றங்கால் | 19-02-2023

அதுதான் பல கரு. இப்ப கைவைக்காதீங்க. நாலு இலை வந்ததும் நல்லா நனைச்சு, மண்ணோட ஒரு கரண்டியால எடுத்துத் தண்ணியில அலசினா வேர் தனித்தனியாப் பிரியும்.

மொத்தக் கன்னையும் வரிசையா வெச்சுப் பாருங்க. பெரும்பாலானது ஒரே உயரம், ஒரே இலை வடிவம், ஒரே பச்சையா இருக்கும். தாய்மர அச்சு அதுதான். கூட்டத்துல சேராம ஒண்ணு ரெண்டு நிக்கும்: குள்ளமா, இலை குறுகலா, இல்லேன்னா மத்ததையெல்லாம் தாண்டி வெடவெடன்னு. அதுங்க கலப்புக் கருவா இருக்க வாய்ப்பு அதிகம். கழிச்சிடுங்க. முளைச்சதுல பாதிதான் தேறுதேன்னு வருத்தப்படக்கூடாது. நாத்துல கழிக்கத் தயங்கினா எட்டு வருஷம் கழிச்சு மரமாக் கழிக்கணும்.

ஆணிவேர் கொக்கி மாதிரி வளைஞ்ச கன்னையும் இந்த நேரத்துலயே கழிங்க. வெளிய பார்க்க நல்லாத்தான் இருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு வளர்ச்சி நின்னுபோகும், காத்தடிச்சா வளைஞ்ச இடத்துல ஒடியும்.

பட்டுக்கோட்டை செம்மண் | 21-02-2023

பை, மண் கலவை பற்றி யாரும் சொல்லலையே. 6க்கு 9 அங்குலப் பை எலுமிச்சைக்குக் குட்டை. ஆணிவேர் ஆறே மாதத்தில் அடியைத் தொட்டுச் சுற்ற ஆரம்பிக்கும். 6க்கு 12 கிடைத்தால் வாங்குங்கள். அடியில் மட்டும் ஓட்டை போதாது, கீழ்ப்பக்கச் சுற்றிலும் எட்டு ஓட்டை போடுங்கள்.

செம்மண் 2, மணல் 1, மக்கிய தொழு உரம் 1. மன்னார்குடி பக்கம் செம்மண் கிடைக்காது என்று வயல் களியைப் போட்டுவிடாதீர்கள். பையில் அது சிமெண்டாக இறுகும். ஆற்றுப் படுகை வண்டல் கிடைத்தால் அதுவே போதும்.

கும்பகோணம் மாடி | 21-02-2023

மாடிக்குக் கனமாக இருக்கும். தேங்காய் நார்க்கழிவும், ரைஸ்மில் உமிச்சாம்பலும் பாதிக்குப் பாதி கலந்தால்?

பட்டுக்கோட்டை செம்மண் | 22-02-2023

ரெண்டையும் கவனமாகக் கையாளணும் அக்கா. எங்கள் பக்கம் கயிறு ஆலையில் அள்ளிவரும் நார்க்கழிவில் உப்பு நிறைய. சிட்ரஸ் வேர் உப்புக்குத் தாங்காது. தொட்டியில் ஊறவைத்து வடிக்க வேண்டும். முதல் தண்ணீர் கருந்தேநீர் நிறத்தில் வரும். நிறம் வெளுத்துத் தெளியும் வரை திரும்பத் திரும்ப ஊறவைத்துக் கொட்டுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

உமிச்சாம்பல் காரம். நன்றாக எரிந்து வெளுத்த சாம்பல் என்றால் இன்னும் மோசம், இலை வெளுத்துப்போகும். கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். கனம் குறைய வேண்டுமானால் கழுவின நார்க்கழிவு பாதி, மணல் கால், மண்புழு உரம் கால்.

மன்னார்குடி கொல்லை | 08-03-2023

நேற்று நன்றாக இருந்த நாற்று இன்று காலை தரையோடு சாய்ந்து கிடக்கிறது. தண்டின் அடி நூல் மாதிரி இளைத்திருக்கிறது. பக்கத்தில் நான்கும் அப்படியே.

பயிர் மருந்தகம் | 08-03-2023

நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண் பூஞ்சணங்களின் வேலை. சாய்ந்தவை பிழைக்கா. சுற்றியிருக்கும் ஒரு கை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள். மீதமுள்ள நாற்றுக்குத் தாமிர ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் வீதம் கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி (நோயை அடக்கும் நல்ல பூஞ்சணம்) பயன்படுத்துவதானால் விதைக்கும் முன்பே மக்கிய எருவோடு கலந்திருக்க வேண்டும். தாமிர மருந்து ஊற்றிய மண்ணில் உடனே டிரைக்கோடெர்மா போடுவது வீண், அதுவும் ஒரு பூஞ்சணம்தானே.

மாலையில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். காலையில் ஊற்றினால் பகலுக்குள் மேல்மண் உலர்ந்துவிடும். இந்த நோய்க்கு அதுவே பாதி மருந்து.

திருவாரூர் பேருந்து | 15-03-2023

எனக்கு எலுமிச்சை வேண்டாம். இப்போது வண்டி வண்டியாக வருகிற கின்னோ கமலாவில் ஒரு பழத்துக்கு இருபது விதை. அதைப் போட்டால் வீட்டிலேயே கின்னோ பறிக்கலாமா?

கொள்ளிடக்கரை | 16-03-2023

மரம் வரும், பழமும் ஒருநாள் வரும். கடையில் வாங்கியது மாதிரி இருக்காது.

கின்னோ கலிபோர்னியாவில் கிங், வில்லோ லீப் என்ற இரண்டு வகைகளைச் சேர்த்து உருவாக்கி 1935-இல் வெளியிட்டது. பஞ்சாபில் போய் நிலைத்தது. அங்கே பழம் பழுக்கும்போது இரவுக் குளிர் கடுமையாக இறங்கும். ஆரஞ்சுத் தோலில் பச்சையம் விட்டு நிறம் ஏற இரவு வெப்பம் ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். நாகப்பட்டினம், திருவாரூரில் தை மாதத்து விடியற்காலையே 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஆகவே பழம் பச்சைத்தோலோடு, சக்கையாக, சப்பென்று நிற்கும். நம் மாநிலத்தில் கமலா கொடைக்கானல் கீழ்மலை, சேர்வராயன் மலை ஏற்காடு என்று மலையிலேயே இருப்பதற்கும் இதுதான் காரணம்.

சாத்துக்குடி அப்படியில்லை. அது அனந்தபூர் வெயிலில் விளைவது. பச்சைத்தோலோடு வாங்கிப் பிழிவது நமக்குப் பழக்கம்தான். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண் மேட்டில் நன்றாகவே வரும். பழைய டெல்டாக் களியில் பாடுபட வேண்டும்.

நாற்றங்கால் | 16-03-2023

ஐயா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. கின்னோ விதையை வீணாக்க வேண்டியதில்லை. முளைச்சு பென்சில் மொத்தம் ஆனா, அதுமேல காய்க்கற மரத்து மொட்டை வெச்சு ஒட்டுக்கட்டிப் பழகலாம். பழத்துக்குன்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க.

மன்னார்குடி கொல்லை | 02-07-2023

எலுமிச்சைக் கன்று ஒரு சாண் ஆகிவிட்டது. இலை மேல் காக்கை எச்சம் மாதிரி இருக்கிறது. துடைக்கப் போனால் நகர்கிறது!

பயிர் மருந்தகம் | 02-07-2023

எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. இளம் புழு பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். முற்றியதும் இலைப்பச்சை நிறமாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவையான கொம்பை நீட்டி நெடி வீசும். முற்றிய புழு ஒன்றே ஒரு கன்றை இரவோடு இரவாக மொட்டையடித்துவிடும்.

பத்துக் கன்றுக்கு மருந்து தேவையில்லை. தினமும் காலையில் தளிரின் நுனியையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கடுகளவில் வெளிர்மஞ்சள் உருண்டையாக ஒற்றை ஒற்றையாக முட்டை இருக்கும். விரலால் தேய்த்துவிடுங்கள். கன்று அதிகமானால் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம்: இடித்த பருப்பு 50 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும்.

பக்கத்தில் கறிவேப்பிலை இருக்கிறதா?

மன்னார்குடி கொல்லை | 02-07-2023

இரண்டடி தள்ளி நிற்கிறது. கொஞ்சம் தள்ளி வில்வமும் உண்டு.

பயிர் மருந்தகம் | 03-07-2023

மூன்றுமே ஒரே குடும்பம். இந்த வண்ணத்துப்பூச்சி மூன்றிலும் முட்டையிடும். வில்வத்தை ஒன்றும் செய்ய வேண்டாம், அது பெரிய மரம், தாங்கும். கன்றுப் பைகளைக் கறிவேப்பிலையிலிருந்து தள்ளி வையுங்கள்.

புழுவைவிடக் கவலைப்பட வேண்டியது வேறு. கறிவேப்பிலைத் தளிரில் எள்ளளவே இருக்கும் பழுப்புப் பூச்சி, பின்பக்கத்தைத் தூக்கியபடி சாய்ந்து உட்கார்ந்திருக்கும். அதன் குஞ்சுகள் தளிர் இடுக்கில் வெள்ளை மெழுகு நூல் விட்டபடி கிடக்கும். அதுதான் சைலிட். சிட்ரஸ் மரங்களில் கிரீனிங் நோயைப் பரப்புவது இந்தப் பூச்சியே. கிரீனிங் வந்த மரத்துக்கு மருந்து கிடையாது. கறிவேப்பிலையை அடிக்கடி ஒடித்துத் தளிரைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டே இருந்தால் பூச்சி பெருக இடம் குறையும்.

நாற்றங்கால் | 03-07-2023

இதுல விதைக்கன்னுக்கு ஒரு பலம் இருக்கு, சொல்லியே ஆகணும். கிரீனிங்கோ டிரிஸ்டீசாங்கற வைரஸ் நோயோ விதை வழியா வராது. நோய் பிடிச்ச மரத்து மொட்டை எடுத்து ஒட்டுக்கட்டினா அத்தனை கன்னுக்கும் நோய் போகும். நல்ல விதையில வந்த கன்னு சுத்தமாத் தொடங்கும். அப்புறம் வெளியில இருந்து பூச்சி கொண்டுவராம பார்த்துக்கறது நம்ம பொறுப்பு.

வேதாரண்யம் உப்புக்காற்று | 11-08-2023

எங்கள் ஊரில் எலுமிச்சை இலையெல்லாம் மஞ்சள். டீக்கடை பெஞ்சில் ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். எந்தச் சத்துக் குறை என்று எப்படித் தெரியும்?

பயிர் மருந்தகம் | 12-08-2023

எந்த இலை, எப்படி மஞ்சள் என்று பாருங்கள்.

அடி இலை முழுக்க ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. தளிர் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக வலைபோலத் தெரிந்து மற்ற இடம் வெளுத்தால் இரும்பு. புது இலை சிறுத்து, நிமிர்ந்து, நரம்புகளுக்கு இடையே மஞ்சள் பட்டை விழுந்தால் துத்தநாகம். துத்தநாக சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், அதன் அமிலத்தன்மையைச் சரிக்கட்ட நீற்றிய சுண்ணாம்பு இரண்டரை கிராம், இரண்டையும் தனித்தனியே கரைத்து வடித்துச் சேர்த்து, புது இலை முக்கால் பங்கு விரிந்த நிலையில் தெளிக்க வேண்டும்.

கிரீனிங்கும் மஞ்சள்தான். பிரித்தறிய ஓர் இலையைப் பறித்து நடுநரம்போடு மடியுங்கள். சத்துக் குறை என்றால் இந்தப் பாதியின் மஞ்சள் அந்தப் பாதியின் மஞ்சளோடு பொருந்தும். கிரீனிங் என்றால் பொருந்தாது, இங்கொரு திட்டு அங்கொரு திட்டாகச் சிதறியிருக்கும்.

உங்கள் ஊருக்கு இன்னொரு கேள்வி: இலை நுனி கருகுகிறதா?

வேதாரண்யம் உப்புக்காற்று | 12-08-2023

ஆமாம். முற்றிய இலை நுனியிலிருந்து பழுப்பாகிக் கருகி உதிர்கிறது. போர்த் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

பயிர் மருந்தகம் | 12-08-2023

அப்படியானால் உப்பு. மஞ்சளுக்கு மருந்தடித்துப் பயனில்லை. உப்பை மிகக் குறைவாகத் தாங்கும் பயிர்களில் சிட்ரஸும் ஒன்று. மண்ணின் இ.சி. (உப்பளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்) மீட்டருக்கு 1.7 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே ஆரஞ்சில் விளைச்சல் குறையத் தொடங்கும். தண்ணீரையும் மண்ணையும் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பரிசோதித்துவிட்டு முடிவெடுங்கள். மழைநீர்த் தொட்டி இருந்தால் கோடை முழுக்க அந்தத் தண்ணீர். இல்லையென்றால் சொந்த வேரில் நிற்கும் எலுமிச்சை உங்கள் மண்ணில் நிலைக்காது. ரங்க்பூர் எலுமிச்சை வேரில் கட்டிய ஒட்டுக்கன்று ஓரளவு உப்பைத் தாங்கும். விதைக்கன்றை விட ஒட்டுக்கன்று நல்லது என்று நான் தயங்காமல் சொல்லும் இடம் கடலோரம்.

கொள்ளிடக்கரை | 20-08-2023

மன்னார்குடி அம்மா கன்றை எப்போது தரையில் நடப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆவணி, புரட்டாசியில் அவசரப்பட்டு நட வேண்டாம். வேர் ஊன்றும் முன் ஐப்பசி அடைமழை வந்துவிடும். பையிலேயே மழையைக் கடத்துங்கள். தை பிறந்ததும் நட்டால் அடுத்த மழைக்கு முன் ஒன்பது மாதம் கிடைக்கும்.

புத்தகத்தில் முக்கால் மீட்டர் குழி என்று இருக்கும். அது மேட்டு நிலத்துக்கு. தண்ணீர் கட்டும் களியில் குழி வெட்டினால் மரத்துக்குக் குளம் வெட்டியது மாதிரி. வெளியே வடிந்த பிறகும் குழிக்குள் தண்ணீர் நிற்கும். அங்கே மேடுதான் போட வேண்டும். அடியில் ஐந்தடி விட்டம், உயரம் இரண்டடி. வெறும் களியைக் குவிக்காதீர்கள், வண்டலோ செம்மண்ணோ அடித்து, மக்கிய எரு இரண்டு கூடை கலந்து, மழைக்கு முன்பே போட்டு மழையில் அமர விடுங்கள். தையில் ஒன்றரை அடியாக அமுங்கியிருக்கும். அதன் உச்சியில் நட வேண்டும். பையில் எந்த மட்டத்தில் மண் இருந்ததோ அதே மட்டம். ஒரு விரல் மேலேயே இருந்தாலும் சரி, கீழே போகக்கூடாது.

மரத்துக்கு மரம் 15 முதல் 18 அடி. கொல்லை நடுவில் நட்டுவிட்டு அப்புறம் முள்ளுக்குப் பயந்து வழியை மாற்றாதீர்கள்.

மன்னார்குடி கொல்லை | 21-08-2023

கிணற்றடியில் துணி துவைக்கும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாமே.

கொள்ளிடக்கரை | 21-08-2023

அங்கே வாழை வையுங்கள், எலுமிச்சை வேண்டாம். சோப்புத் தண்ணீரில் சோடியம் ஏறி மண் இறுகும். அடித்தண்டு எப்போதும் நனைந்தபடி இருந்தால் பட்டை வெடித்துத் தேன் நிறத்தில் பிசின் வடியும். டெல்டாவில் எலுமிச்சை சாவதில் பாதி இப்படித்தான். விதைக் குற்றம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

தண்ணீர் பாய்ச்ச இரண்டு வட்டம் போடுங்கள். தண்டை ஒட்டி ஒன்று, அதில் மண் அணைத்து மேடாக இருக்கும், தண்ணீர் போகாது. அதைச் சுற்றி வெளிவட்டம், அதில்தான் தண்ணீர். மரம் பெரிதாகப் பெரிதாக வெளிவட்டத்தைக் கிளை நுனிக்கு நேராக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். வேர் உறிஞ்சுவது அங்கேதான். வைக்கோல் மூடாக்கு போட்டாலும் தண்டிலிருந்து ஒரு சாண் விட்டுப் போடுங்கள்.

பயிர் மருந்தகம் | 22-08-2023

வைக்கோல் பற்றிய எச்சரிக்கை முக்கியம். அதோடு, ஆண்டுக்கு இரு முறை, மழைக்கு முன் புரட்டாசியிலும் மழைக்குப் பின் தையிலும், அடித்தண்டில் இரண்டடி உயரம் போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்துச் சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானை, இரும்புப் பாத்திரம் கூடாது. சேர்த்தபின் துருவில்லாத பழைய கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும்.

இது முற்றிய தண்டுக்கு. பென்சில் மொத்தக் கன்றுக்குப் பசை வேண்டாம், 1 சதவீதக் கலவை போதும்: லிட்டருக்கு 10 கிராம் மயில்துத்தம், 10 கிராம் சுண்ணாம்பு.

மன்னார்குடி கொல்லை | 26-11-2023

மழை விட்டதும் இலையில் பழுப்புப் புள்ளி. தடவினால் சொரசொரவென்று மேடாக இருக்கிறது, சுற்றிலும் மஞ்சள் வளையம். அதே இலைகளில் வெள்ளிக் கோடு மாதிரி நெளிநெளியாகவும் இருக்கிறது.

பயிர் மருந்தகம் | 26-11-2023

சொறி நோய். பாக்டீரியா. நாட்டு எலுமிச்சை இதற்கு மிகவும் எளிதில் ஆட்படும். மழையும் காற்றும் சேர்ந்து பரப்பும். வெள்ளிக் கோடு இலைத் துளைப்பான் புழு சென்ற வழி. புழு கிழித்த அந்தக் காயத்தில்தான் பாக்டீரியா எளிதாக நுழைகிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஈரம் காய்ந்த பிறகு பாதித்த இலை, குச்சியை வெட்டி எரியுங்கள். ஈரத்தில் வெட்டினால் கத்தரிக்கோலே நோயைக் கடத்தும். பிறகு தாமிர ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம். ஒவ்வொரு முறை தளிர் விடும்போதும் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி. சோப்புக் கரைசலோடு. ஆன்டிபயாடிக் பவுடர் வாங்கிக் கலக்கச் சொல்வார்கள். வீட்டு மரத்துக்கு அது வேண்டாம்.

கும்பகோணம் மாடி | 14-01-2024

எட்டு வருஷம் காத்திருக்க முடியாது. சாத்துக்குடிக் கன்றின் நுனியைக் கிள்ளிக் கிள்ளிப் புதராக்கினால் சீக்கிரம் பூக்குமா? மல்லிகைக்கு அப்படித்தானே செய்கிறோம்.

நாற்றங்கால் | 14-01-2024

நேர் எதிர் அக்கா. விதைக்கன்னு பூக்கற வயசுக்கு வர்றது கணு ஏற ஏறத்தான். நுனியில இருக்கற பகுதிதான் முதல்ல முதிரும், அடித்தண்டு பல வருஷம் இளசாவே இருக்கும். நுனியைக் கிள்ளினா எண்ணிக்கை திரும்பக் கீழ இருந்து ஆரம்பிக்கும். அடியில கிளம்பற தூர்க்கிளையை மட்டும் எடுங்க, நடுத்தண்டு மேல போகட்டும். முதல் பூ உச்சியிலதான் வரும்.

அவசரம்னா ஒட்டுக்கட்டறதுதான் வழி. உங்க கன்னு தண்டு பென்சில் மொத்தம் ஆச்சா? மாசி, பங்குனியில, முந்தின நாள் நல்லாத் தண்ணி விட்டா பட்டை கழண்டு வரும். தரையில இருந்து ஒரு சாணுக்கு மேல 'டி' வடிவத்துல கீறுங்க. மொட்டுக்குச்சி காய்க்கற மரத்துல இருந்து வரணும். விதைக்கன்னுல இருந்து எடுத்தா அதே காத்திருப்புதான். முக்கோணமா பச்சையா இருக்கற இளங்குச்சி வேண்டாம், உருண்டு சாம்பல் கோடு ஓடின குச்சி வேணும். இலையை வெட்டி, காம்பை மட்டும் விட்டு, ஒரு அங்குல நீளத்துக்கு மொட்டோட பட்டையைச் சீவி உள்ள நுழைச்சு, மொட்டு மட்டும் வெளிய தெரியற மாதிரி பாலித்தீன் நாடா சுத்துங்க. மூணு வாரம் கழிச்சு அந்தக் காம்பைத் தொட்டா பொத்துன்னு விழணும். விழுந்தா பிடிச்சாச்சு. காஞ்சு ஒட்டிக்கிட்டே நின்னா போச்சு, தண்டோட மறுபக்கத்துல திரும்ப வைங்க.

கும்பகோணம் மாடி | 15-01-2024

மாடியில் எலுமிச்சைக்கும் இதுதானா?

நாற்றங்கால் | 15-01-2024

எலுமிச்சைக்குப் பதியனே போதும். காய்க்கற மரத்துக் கிளையில ஒரு அங்குலம் பட்டையை வளையமா எடுத்து, ஈர நார்க்கழிவு வெச்சுப் பாலித்தீன்ல கட்டினா ரெண்டு மாசத்துல வேர் தெரியும். தொட்டியில சீக்கிரமே காய்க்கும்.

ஆனா தரையில பதியன் நடறதுக்கு முன்னாடி யோசிங்க. பதியனுக்கு ஆணிவேர் கிடையாது. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப தென்னையே சாய்ஞ்ச ஊரு இது.

கொள்ளிடக்கரை | 16-01-2024

அதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை தம்பி. பழைய டெல்டாவில் மழைக்காலத்து நீர்மட்டம் மூன்றடியில் நிற்கிற கொல்லையில் ஆணிவேர் போய் என்ன செய்யும்? நீர்மட்டத்தைத் தொட்ட இடத்தில் நுனி அழுகி, மரம் பக்கவேரில்தான் நிற்கும். காற்றுக்குத் தாங்குவது மேட்டின் அகலத்தைப் பொறுத்தது. படுகையிலும் செம்மண்ணிலும் நீங்கள் சொல்வது சரி, அங்கே ஆணிவேர் ஆழம் போகும். களிக்கொல்லையில் பதியனுக்கும் விதைக்கன்றுக்கும் காற்றில் பெரிய வித்தியாசம் இருக்காது. மேட்டை ஐந்தடிக்குப் பதில் ஏழடி அகலமாகப் போட்டு, முதல் இரண்டு மழைக்கும் தென்மேற்கிலும் வடகிழக்கிலும் மூங்கில் முட்டுக் கொடுங்கள். கயிறு தண்டை அறுக்காமல் சாக்குத்துணி சுற்றிக் கட்டுங்கள்.

நாற்றங்கால் | 16-01-2024

ஏத்துக்கறேன் ஐயா, நீர்மட்டம் மேல நிக்கற இடத்துக்கு. மன்னார்குடி அக்கா, தை பிறந்தாச்சு. மேடு எப்படி இருக்கு?

மன்னார்குடி கொல்லை | 21-01-2024

மேடு ஒரு சாண் அமுங்கி உறுதியாக இருக்கிறது. கடைசி மழையில் சுற்றிலும் தண்ணீர் நின்றது, மேட்டுத் தலை நனையவில்லை. எலுமிச்சை இரண்டு, ஒட்டுக்கட்ட ஒரு சாத்துக்குடி. நட்டதும் உரம் எவ்வளவு?

கொள்ளிடக்கரை | 21-01-2024

நட்டதும் ஒன்றும் வேண்டாம். மேட்டில் கலந்த எருவே போதும். இரண்டாவது தளிர் விரிந்து கரும்பச்சை ஆனபிறகு, ஒரு கை கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, நீர்க்கக் கரைத்து வெளிவட்டத்தில் ஊற்றுங்கள், மாதம் ஒரு தடவை. முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், பிறகு மேல்மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். மேடு என்பதால் சித்திரையில் வேகமாகக் காயும், அப்போது தினம் பார்க்க வேண்டியிருக்கும். சாத்துக்குடிக்கு இந்த மாசியில் ஒட்டு வேண்டாம். வேர் பிடித்து ஒரு வருஷம் ஆகட்டும், அடுத்த மாசிக்குப் பட்டை நன்றாகக் கழன்று வரும்.